கடுங்குளிரும் காப்பும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூரையும் ஒரகடத்தையும் அடுத்து, வல்லக்கோட்டை என்னும் ஊர் உள்ளது. நெடிய திருமேனியுடன் முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள தலம் அது. அருணகிரிநாதர் தம் திருப்புகழில் அவ்வூரைக் கோடைநகர் எனப் பாடியுள்ளார். பெயரிலேயே கோடையைத் தாங்கிய அவ்வூரார் கடுங்குளிரை அறியார். மார்கழித் திங்களில் விடியற்காலையில் கோயிலுக்குச் செல்வோர் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வர். முதியோர் போர்வை போர்த்திக்கொள்வர். சிறுவர் சருகுகளைக் குவித்துத் தீமூட்டிக் குளிர்காய்வர். அப்போதும் காற்றின் வெப்பநிலை 20 பாகையை ஒட்டியே இருக்கும். கதிரவன் பனைமர உயரம் எழுந்தவுடன் குளிர் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். இப்பாடத்தில் பாகை என்றது செல்சியசு அளவையேயாம்.

அத்தகைய வல்லக்கோட்டைக்கும் இமயமலைக்கும் இன்று ஒரு தொடர்பு ஏற்பட்டுள்ளது. வயல்களும் ஏரிகளும் சூழ்ந்திருந்த அவ்வட்டாரத்தில் இப்பொழுது தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. இராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 2013ஆம் ஆண்டில் ஒரகடத்திலும், 2017ஆம் ஆண்டில் வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் செய்யும் தொழிற்சாலைகளைத் தொடங்கினர். அங்கே உருவாகும் வண்டிகளில் ஏறி இலடாக்கு வரை செல்லும் இளைஞர் பலர். இலடாக்கிலுள்ள கார்துங் லா என்னும் கணவாய் கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 5,360 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் உயரம் ஏறுந்தோறும் காற்றின் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பர் அறிவியலார். எனவே, சமவெளியில் 35 பாகை வெப்பம் உள்ள நாளில், உயரம் ஒன்றினாலேயே அக்கணவாயில் தண்ணீர் உறையும் நிலை ஏற்படலாம். வண்டி அக்குளிரைத் தாங்கும். அதன்மேல் அமர்ந்திருப்பவனது உடலோ வெப்பநாட்டில் வளர்ந்த உடல். அதனைக் காக்கும் முறையை அறியாமல் மலையேறுதல் நீந்தத் தெரியாதவன் வெள்ளத்தில் இறங்குவதை ஒக்கும்.

இவ்வுண்மையை நம் நாடு பெருவிலை கொடுத்து அறிந்தது. 1962ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், இந்தியாவின் வடகிழக்கு எல்லையில் நாம்கா சூ என்னும் ஆற்றங்கரையில் நம் வீரர் சீனப் படையை எதிர்நோக்கி நின்றனர். அவர்களுள் பலர் சமவெளியிலிருந்து விரைவாக அழைத்துச் செல்லப்பட்டவர். அவர்கள் அணிந்திருந்தவை கோடைக்குரிய பருத்திச் சீருடைகள். போர்த்திக்கொள்ளப் போதிய கம்பளிகள் இல்லை. பகைவரின் குண்டு பாய்வதற்கு முன்னரே குளிரால் நலிந்தோர் பலர், இறந்தோரும் உளர். அவர்கள் வீரத்திற் குறைந்தவர் அல்லர். ஆனால் வீரம் ஒன்று, வெப்பம் ஒன்று. எத்துணை வீரம் இருப்பினும் அது குருதியைச் சூடாக வைத்திராது.

பழந்தமிழர் கண்ட குளிர்

தமிழகம் வெப்பநாடே எனினும், குளிரின் துன்பத்தைப் பழந்தமிழ்ப் புலவர் நுணுகி நோக்கியுள்ளனர். மயிலின் அகவலைக் கேட்டு, அது குளிரால் நடுங்குகிறதென்று கருதித் தன் போர்வையை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனை அறியாதார் இலர். நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடையில், மழையில் நனைந்து, ஆநிரையோடு மேட்டுநிலத்தில் தங்கிக் கைகளை நெருப்பிற் காய்ச்சும் கோவலரைக் காண்கிறோம். அந்நூலிலேயே, நகரத்து மாளிகைகளில் விசிறிகள் பயனின்றித் தொங்குவதும், வாய் அகன்ற தடவுகளில் நெருப்பு நிறைந்திருப்பதும், அரசியின் படுக்கையில் அன்னத்தின் தூவி பரப்பப்பட்டிருப்பதும் கூறப்படுகின்றன. தடவு என்பது கணப்புச் சட்டி. தூவி என்பது பறவையின் மெல்லிய அடியிறகு. இமயமலை ஏறுவோர் இன்று அணியும் விலையுயர்ந்த மேலாடைகளில் பலவற்றின் உள்ளே நிரப்பப்பட்டிருப்பதும் வாத்தின் தூவியே ஆகும்.

தமிழகத்தின் நீலகிரியில் மார்கழி, தைத் திங்களில் புல்வெளிகள்மேல் உறைபனி வெள்ளிப் பொடிபோற் படியும். அம்மலையில் வாழும் தோடர், கறுப்பும் சிவப்பும் ஆகிய நூல்களாற் பூவேலை செய்த தடித்த வெண்போர்வையை உடல் முழுதும் சுற்றிக்கொள்வர். அதனைப் பூத்துக்குளி என்பர். அவர்களது பழைய குடில்கள் பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தாற்போல வளைந்திருக்கும். வாயிலோ தவழ்ந்து புகுமளவு சிறிது. சிறிய வாயில் வெப்பத்தை வெளியே விடாது. குளிர்காற்றை உள்ளே விடாது. கல்லூரிக்குச் சென்று வெப்பவியல் கற்காத அம்மக்கள் அதன் முதற்பாடத்தைத் தம் வாழ்க்கையிலேயே கண்டறிந்தனர்.

போர்வை வெப்பம் தருமோ?

அந்த முதற்பாடம் யாது? கம்பளி சூடு தரும் என்று பலரும் கருதுகின்றனர். அது உண்மையன்று. ஒரு பனிக்கட்டியைக் கம்பளியிற் சுற்றி வைத்தால், அது விரைவில் உருகுமோ, நெடுநேரம் இருக்குமோ? நெடுநேரமே இருக்கும். பனிக்கட்டி விற்போர் அதனை உமியிலும் மரத்தூளிலும் சாக்கிலும் பொதிந்து வைப்பதை ஊர்தோறும் காணலாம். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதாயின் பனிக்கட்டி உடனே கரைந்து போயிருக்க வேண்டும். கம்பளியும் உமியும் செய்யும் தொழில் ஒன்றே. அவை வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதைத் தடுக்கின்றன. பனிக்கட்டிக்குள் வெளிவெப்பம் புகாமலும், மனிதனுக்குள்ளிருந்து உடல்வெப்பம் வெளியேறாமலும் காக்கின்றன.

அங்ஙனமாயின் வெப்பத்தைத் தருவது எது? மனிதன் உடலே. உண்ட உணவு உடலில் மெல்ல எரிகிறது. வாளா இருக்கும் ஒருவன் உடலிலிருந்து வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 100 வாட் மின்விளக்கு ஒன்றின் வெப்பத்திற்கு ஒப்பாகும். அவ்வெப்பத்தாலேயே உடலின் உட்பகுதி எந்நாளும் 37 பாகை அளவில் நிற்கிறது. அது 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உடலுக்குத் தீங்கு தொடங்கும். ஆதலின் குளிரை வெல்லுதல் என்பது குளிரோடு போரிடுதல் அன்று. உள்ள வெப்பத்தைச் சிந்தாமல் காத்தலேயாகும். வருவாய் சிறிதாயினும் செலவை அளந்து குடும்பம் நடத்தும் இல்லத்தரசியின் அறிவே கடுங்குளிரில் மனிதனுக்கு வேண்டிய அறிவு.

வெப்பம் நீங்கும் வழிகள்

உடலின் வெப்பம் எவ்வழிகளில் நீங்குகிறது என்று அறிந்தாலன்றி அவற்றை அடைக்க இயலாது. அவ்வழிகள் ஐந்து.

முதலாவது, தொடுதல். குளிர்ந்த பாறையின்மேல் அமர்ந்தால் உடல்வெப்பம் பாறைக்குள் செல்லும். காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தை ஈர்க்கும். நனைந்த உடை உயிருக்குப் பகையாவது இக்காரணத்தாலேயே. இரண்டாவது, காற்றோட்டம். உடலைச் சுற்றிலும் வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் உண்டு. வீசும் காற்று அதனை நொடிதோறும் பறித்துச் செல்கிறது. சுழிப் பாகையில் அசையாமல் நிற்கும் காற்றிடையே ஒருவன் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஓட்டுவானாயின், மூடப்படாத அவன் முகத்திற்கு அக்குளிர் சுழிக்குக் கீழ் 7 பாகை அளவாகத் தோன்றும். மூன்றாவது, கதிர்வீச்சு. அடுப்பங்கரையில் அனல் படுவதுபோல, உடலும் திறந்த வானை நோக்கித் தன் வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கிறது. நான்காவது, வியர்வை உலர்தல். மண்பானையில் நீர் கசிந்து உலர்வதால் உள்ளிருக்கும் நீர் குளிர்வதைப் போன்றது அது. ஐந்தாவது, மூச்சு. குளிர்ந்த உலர்ந்த காற்றை உள்ளிழுத்து, வெப்பமும் ஈரமும் கலந்து வெளிவிடுகிறோம். மூக்கையும் வாயையும் துணியால் மூடுவோர் அவ்விழப்பைக் குறைப்பர்.

உடுக்கும் முறை

குளிர்நாட்டில் ஒரே தடித்த உடையைவிட, மெல்லிய உடைகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறந்தது. உடைகளின் இடையே தங்கும் அசையாக் காற்றுத்தான் உண்மையான காப்பு. மழைக்காலத்தில் குருவி தன் சிறகுகளைச் சிலிர்த்து உருண்டையாக அமர்ந்திருப்பதைக் காண்கிறோமன்றோ? சிறகுகளின் இடையே காற்றைப் பிடித்து வைக்கும் உத்தியே அது.

அவ்வுடைகள் மூவகைப்படும். உடலை ஒட்டிய முதல் உடை வியர்வையை உறிஞ்சி வெளியே கடத்த வேண்டும். இதற்கு மெல்லிய கம்பளியோ செயற்கை இழைத் துணியோ ஏற்றது. இடையில் அணியும் உடை காற்றைத் தேக்கி வெப்பத்தைக் காக்க வேண்டும். தடித்த கம்பளிச் சட்டையும் தூவி நிரப்பிய சட்டையும் இவ்வகையின. மேலே அணியும் உடை காற்றையும் பனியையும் தடுக்க வேண்டும். கோட்டைக்கு மதிலும், வீட்டுக்குச் சுவரும், அறைக்குக் கதவும்போல இம்மூன்றும் தத்தம் கடமையைச் செய்யும்.

நம் நாட்டு வெயிலுக்கு அமுதம் போன்ற பருத்தி, நனைந்த குளிரில் நஞ்சாகும். பருத்தி நீரை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதன் இழைகளிடையே இருந்த காற்று அகன்று அவ்விடத்தில் நீர் நிற்கும். நனைந்த பருத்திச் சட்டையை அணிந்திருப்பதும் குளிர்ந்த நீரில் நிற்பதும் வேறல்ல. கம்பளியோ ஈரத்தைத் தாங்கியும் தன் காப்பில் பெரும்பகுதியை இழப்பதில்லை. தூவி உலர்ந்திருக்கும்வரை இணையற்றது. நனைந்தாலோ கட்டிபட்டுப் பயனற்றதாகும்.

உடையின் நீரால் வரும் தீங்கு மழையால் மட்டும் வருவதன்று, வியர்வையாலும் வரும். மலையேறும்போது உடல் சூடேறி வியர்க்கும். பிறகு ஓய்ந்து அமர்ந்தால் அவ்வியர்வையே உடலைக் குளிரச் செய்யும். ஆதலின் அறிவுடையோர் வியர்ப்பதற்கு முன்னரே ஓர் உடையைக் கழற்றுவர். ஓய்வதற்கு முன்னரே அதனை மீண்டும் அணிவர். குளிரத் தொடங்கிய பின்னர் உடை தேடுதல் காலம் கடந்த செயலாகும்.

கை, கால், காது, மூக்கு ஆகியவற்றைத் தனியே காத்தல் வேண்டும். குளிர் மிகும்போது உடல் தன் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக விரல்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துவிடுகிறது. இடர் வந்தபோது கோட்டைக்குள் ஒடுங்கி, எல்லையூர்களைக் கைவிடும் மன்னனைப் போன்றது அச்செயல். விரல்தோறும் தனித்தனி உறையுள்ள கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒன்றாகத் தங்கும் கையுறையே மிகுந்த வெப்பம் காக்கும். விரல்கள் ஒன்றையொன்று சூடேற்றும். காலணியை இறுகக் கட்டுதல் கூடாது. இரண்டு காலுறை அணிந்தால் வெப்பம் மிகும் என்று எண்ணி, சிறிய காலணிக்குள் அவற்றைத் திணிப்போர் குருதி ஓட்டத்தை நிறுத்தித் தம் விரல்களுக்குத் தாமே தீங்கு தேடிக்கொள்வர்.

தங்கும் இடமும் நெருப்பும்

மலைக்காட்டில் இரவு தங்க நேர்ந்தால், முதலில் நாட வேண்டுவது காற்று வீசாத இடம். பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் குளிர்காற்று இறங்கித் தேங்கும். மலையுச்சியில் காற்று மிகுந்து வீசும். இரண்டுக்கும் இடைப்பட்ட, பாறையோ மரத்தொகுதியோ மறைத்த சரிவு தங்குதற்கு ஏற்றது. ஆனால் பனிச்சரிவுக்கும் கல்வீழ்ச்சிக்கும் வழியாயுள்ள சரிவை விலக்க வேண்டும்.

மேலே போர்த்துவதைப் போலவே கீழே விரிப்பதும் இன்றியமையாதது. படுத்திருப்பவனது உடற்பாரம் அடியிலுள்ள போர்வையை நசுக்கி, அதிலுள்ள காற்றை வெளியேற்றிவிடும். வெப்பம் தரைக்குள் இறங்கிவிடும். விரிப்பு இல்லாதபோது காய்ந்த புல், இலை, மரக்கிளை, கயிறு, வெற்றுப்பை ஆகிய எவையேனும் உதவும். ஒரு முழத்துக்குக் குறையாமல் அவற்றைப் பரப்பினால் நலம்.

பனியே பனிக்குக் காப்பாவது வியப்பிற்குரியது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்று. ஆதலின் அது நல்ல கம்பளி போன்றது. வெளியே சுழிக்குக் கீழ் 30 பாகை குளிர் இருப்பினும், உறுதியான பனித்திட்டில் அகழ்ந்த குகையினுள் வெப்பம் சுழியை ஒட்டியே நிற்கும். படுக்கும் மேடை வாயிலைவிட உயரத்தில் இருத்தல் வேண்டும்; கனமான குளிர்காற்று இறங்கி வாயில்வழி வெளியேற, வெப்பக்காற்று மேலே தங்கும். மூச்சுக்காற்று புதிதாக வருவதற்குக் கூரையில் ஒரு துளை வைத்தல் கட்டாயம்.

அத்துளையை மறந்தோர் நெருப்பாலேயே இறந்ததுண்டு. மூடிய கூடாரத்தினுள்ளும் அறையினுள்ளும் கரியடுப்போ மண்ணெண்ணெய் அடுப்போ எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் வளி உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் உறக்கத்திலேயே உயிரிழப்பர். குளிர்ந்த மலையூர்களின் விடுதிகளில் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவை அடைத்துப் படுத்தோர் காலையில் எழாத செய்திகள் ஆண்டுதோறும் வருகின்றன. குளிரைவிட அறியாமை கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

உணவும் நீரும்

அடுப்புக்கு விறகுபோல உடலுக்கு உணவு. குளிரில் நடப்போர் வேளைதோறும் உண்பதோடு அமையாது, இடையிடையே சிறிது சிறிதாகவும் உண்ண வேண்டும். வெல்லமும் நிலக்கடலையும் சேர்ந்த கடலைமிட்டாய் மலைப்பயணத்திற்கு மிகவும் ஏற்றது. வெல்லம் விரைந்து எரியும், கடலையிலுள்ள நெய்ப்பசை நின்று எரியும். இலடாக்கு மக்கள் வெண்ணெயும் உப்பும் கலந்த தேநீரை நாள் முழுதும் பருகுவர். அதன் பயனும் இதுவே.

குளிரில் வேட்கை தோன்றாது. ஆயினும் மூச்சுவழியே உடலின் நீர் குறைந்துகொண்டே இருக்கும். எனவே வேட்கையில்லாவிடினும் நீர் பருக வேண்டும். பனிக்கட்டியை வாயிலிட்டுத் தின்னுதல் தவறு. ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்குவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீரை உடல்வெப்ப நிலைக்குக் கொணர மேலும் 37 கலோரி வேண்டும். அவ்வெப்பம் அனைத்தும் உடலிலிருந்தே செலவாகும். பனியை அடுப்பில் உருக்கிப் பருகுவதே முறை. கள்ளும் சாராயமும் குளிரைப் போக்கும் என்பது உயிர் கொல்லும் பொய்ந்நம்பிக்கை. அவை தோலின் குருதிக் குழாய்களை விரியச் செய்யும். தோல் சூடானதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே காத்து வைத்த வெப்பம் தோல்வழியே வெளியேறிவிடும். திருடனுக்குக் கதவு திறந்துவிட்டு, வீட்டில் விருந்தினர் வந்ததாக மகிழ்வதை ஒக்கும் அது.

தீங்கின் குறிகள்

உடல்வெப்பம் குறையத் தொடங்கியதும் நடுக்கம் தோன்றும். நடுக்கம் பகையன்று, தசைகளை அசைத்து வெப்பம் உண்டாக்க உடல் செய்யும் முயற்சி அது. அதன் பின்னர் நான்கு குறிகள் காணப்படும்: கால் தடுமாறும், கை பொருளைப் பற்ற இயலாமல் நழுவவிடும், நாக்குழறும், மனம் காரணமின்றிச் சினக்கும் அல்லது சோர்ந்து ஒடுங்கும். குளிர் நீங்காதிருக்கவே நடுக்கம் நின்றுவிடுமாயின், அது நலத்தின் குறியன்று, பேரிடரின் குறி. அந்நிலையில் சிலர் தமக்கு வெப்பம் மிகுந்ததாக மயங்கி உடைகளைக் களைவதும் உண்டு.

துன்புற்றவன் தன் நிலையைத் தான் அறியான் என்பதே இந்நோயின் கொடுமை. அறிவு மங்கும்போது, அது மங்குகிறது என்று உணரும் ஆற்றலும் உடன் மங்கிவிடுகிறது. ஆதலின் மலைவழியில் தனியே செல்லலாகாது. துணைவர் ஒருவரையொருவர் அடிக்கடி நோக்கி, முகத்தின் நிறத்தையும் பேச்சின் தெளிவையும் ஆராய வேண்டும். நலிந்தவனைக் காற்றில்லா இடத்திற்கு மெல்லக் கொண்டு சென்று, ஈர உடைகளை நீக்கி, உலர்ந்தவற்றாற் போர்த்தி, கீழேயும் விரிப்பு அமைத்து, மார்பையும் வயிற்றையும் முதலில் வெப்பப்படுத்த வேண்டும். விழித்துத் தெளிவாக விழுங்கக்கூடியவனுக்கே இனிப்புக் கலந்த வெதுவெதுப்பான நீர் கொடுக்கலாம். உடலை முரட்டுத்தனமாக அசைத்தலும் கைகால்களைத் தேய்த்தலும் கூடா. குளிர்ந்த இதயம் அதனால் தாளம் தவறக்கூடும். உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

விரல்களும் மூக்கும் வெளுத்து, கடினமாகி, உணர்விழத்தல் பனிக்கடி எனப்படும். அவ்விடத்தைப் பனியால் தேய்ப்பது பழைய தவறு. தீயருகே நீட்டுவதும் தவறு. உணர்வற்ற விரல் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 பாகை வரையுள்ள நீரில் மூழ்க வைப்பதே முறை. ஆனால் அவ்விரல் மீண்டும் உறையும் நிலை இருந்தால், பாதுகாப்பான இடத்தை அடையும்வரை உருக வைத்தல் ஆகாது. ஒருமுறை உருகி மறுமுறை உறையும் விரல் பெரும்பாலும் மீளாது.

மண்ணின் மக்களே ஆசிரியர்

குளிர்நாட்டில் வாழ்வோரிடம் கற்றவர் வென்றனர். நார்வே நாட்டினரான அமுன்சென் 1903ஆம் ஆண்டு முதல் கனடாவின் வடகோடியில் எஸ்கிமோவர் என்று முன்னர் அழைக்கப்பட்ட இனுவித்து மக்களோடு பழகி, தளர்ந்த தோலாடை அணியும் முறையைக் கற்றார். அவ்வறிவோடு சென்ற அவர் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், எல்லார்க்கும் முதல்வராகத் தென்துருவத்தை அடைந்து, தம் துணைவரோடு நலமாக மீண்டார். நம் நாட்டிலும் காசுமீர மக்கள் பெரன் என்னும் நீண்ட அங்கியின் உள்ளே, பிரம்பு பின்னிய மண்சட்டியில் கனலிட்டுத் தாங்கி நடப்பர். காங்கிரி என்னும் அச்சட்டி நெடுநல்வாடை கூறும் தடவுக்கு உறவாகும்.

1962இல் கற்ற பாடத்தை நம் படை மறக்கவில்லை. 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சியாச்சின் பனியாற்றின் உயரங்களில் நம் வீரர் நிலைகொண்டனர். அங்குக் குளிர் சுழிக்குக் கீழ் 50 பாகை வரை இறங்கும். அங்கே போரால் இறந்தவரைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் உயரத்தாலும் இறந்தவரே மிகுதி. ஆதலின் அங்குச் செல்லும் வீரர் முதலில் தனிப்பயிற்சி பெறுவர். படிப்படியாகவே உயரம் ஏறி உடலைப் பழக்குவர். அடுக்கடுக்காக உடை அணிவர். ஒரே கயிற்றில் பிணைந்து நடப்பர். தமிழ்நாட்டின் வெலிங்டனில் பயிற்சி மையத்தைக் கொண்ட மதராஸ் ரெஜிமெண்ட்டினரும் அங்குக் காவல் புரிந்துள்ளனர்.

2016ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் என்னும் காவல்நிலையின்மேல் பெரும் பனிச்சுவர் சரிந்தது. மதராஸ் ரெஜிமெண்ட்டின் 19ஆம் பட்டாளத்தைச் சேர்ந்த பத்து வீரர் புதைந்தனர். அவர்களுள் நால்வர் தமிழ்நாட்டினர். தோழர்கள் சோர்வின்றிப் பனிப்பாறையை வெட்டினர். ஆறாம் நாள், 25 அடிக்கும் மேற்பட்ட ஆழத்தில், கருநாடகத்தைச் சேர்ந்த அனுமந்தப்பா கொப்பத் என்னும் வீரர் உயிருடன் காணப்பட்டார். நாடே வியந்தது, அவர் பிழைக்க வேண்டுமென்று வேண்டியது. ஆயினும் பிப்ரவரி 11ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். மனித அறிவுக்கும் உடலுக்கும் எல்லை உண்டு. ஆனால் ஆறு நாள் பனிக்கடியில் ஓர் உயிர் தங்கியதும், அதுவரை தேடுதலைக் கைவிடாத தோழமை இருந்ததும் என்றும் நினைக்கத் தக்கவை.

காத்தலின் அருமை இதனால் விளங்கும். உடலில் பிறக்கும் வெப்பம் சிறிது. அதனைப் பறிக்கும் வழிகளோ பல. உலர்ந்த உடை, காற்றில்லா இடம், அடியில் விரிப்பு, வேளைக்கு உணவு, அருகில் துணைவன் ஆகிய ஐந்தும் உடையவன் அச்சிறு வெப்பத்தைக் கொண்டே பெரும்பனியைக் கடப்பான். இவற்றுள் நான்கைக் கடைகளிலும் காடுகளிலும் தேடிக்கொள்ளலாம். ஐந்தாவதைப் புறப்படும் முன்னரே தேடிக்கொள்ள வேண்டும். கோடைநகரிலிருந்து பனிமலை நோக்கிப் புறப்படும் இளைஞன் தன் வண்டியின் எண்ணெயைச் சோதிப்பதற்கு முன், தன் பையிலுள்ள கம்பளியையும் தன்னுடன் வரும் தோழனையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.